வாசகர் கேள்வி – பதில்: வண்டியின் அடிப்பாகமும் துருவும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை வாகனத்தின் அடிப்பாகத்தில் பிடிக்கும் துருவைப் பற்றியவையாக இருந்தமையால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, புதிய கார் ஒன்றை எடுக்கவிருக்கிறேன். விற்பனையாளர் அண்டர்பாடி கோட்டிங் கட்டாயம் செய்ய வேண்டும் என்கிறார். கம்பெனியிலேயே எல்லாம் பூசித்தான் அனுப்புகிறார்கள், அது வீண் செலவு என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

இன்றைய கார்களின் உடற்கூட்டில் பெரும்பகுதி துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டால் ஆனது. துத்தநாகம் இரும்பை மூடி மறைப்பதோடு நில்லாமல், கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரியும் இடத்திலும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. வெல்டிங் முடிந்த கூட்டை முழுவதுமாகக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் நனைத்து, அதன்பின் பிரைமர் நிரம்பிய தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 1960களில் தொடங்கி இன்று ஏறத்தாழ எல்லாத் தயாரிப்பாளர்களும் கைக்கொள்ளும் இம்முறையில், மின்னோட்டத்தின் உதவியால் பிரைமர் தகட்டின் மூலைமுடுக்குகளிலும் படிகிறது. அதன் தடிமன் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் தூரிகையாலோ ஸ்ப்ரே துப்பாக்கியாலோ எட்டவே முடியாத இடங்களையும் அது எட்டிவிடுகிறது. இதற்குப் பிறகு தகடுகள் சேரும் விளிம்புகளில் சீலண்ட் அடைத்து, கல் தெறிக்கும் பகுதிகளில் பிவிசி பூச்சும் அடிக்கிறார்கள்.

உங்கள் நண்பர் இதை வைத்துத்தான் பேசுகிறார். அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது, கூட்டோடு சேர்ந்து அந்தத் தொட்டிக்குள் இறங்காத உறுப்புகளை. சஸ்பென்ஷன் கைகள், அச்சு, எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம், போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், பிக்கப் வகை வண்டிகளின் அடியில் ஏணிபோல் ஓடும் சேஸிஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பெயிண்ட் அடித்துத்தான் பொருத்துகிறார்கள். பலவற்றுக்குத் துத்தநாகப் பூச்சும் இருப்பதில்லை. வண்டிக்கு அடியில் முதலில் சிவப்பது பெரும்பாலும் இவையே.

ஆகவே, நல்ல சாலையில், உலர்ந்த சூழலில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் பூச்சு அவசியமில்லை என்பதே என் கருத்து. கடற்கரையை ஒட்டி வாழ்பவர்கள், பனி உருக்குவதற்காக உப்புத் தூவப்படும் சாலைகளில் ஓட்டுபவர்கள், சரளைக்கல் பாதையிலும் தேங்கிய நீரிலும் அடிக்கடி செல்பவர்கள் ஆகியோர் தாராளமாகச் செய்துகொள்ளலாம். செய்வதாயின் வண்டி புதிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அந்த இரும்பு அத்தனை சுத்தமாகவும் உலர்ந்தும் இனி ஒருபோதும் இருக்கப்போவதில்லை.

ஆனால் பூச்சு வேலைக்காக உடற்கூட்டில் புதிதாகத் துளை போடுவார்களா, வடிகால் துளைகளைத் திறந்தே விடுவார்களா, தயாரிப்பாளர் அளித்திருக்கும் துரு உத்தரவாதம் இதனால் பாதிக்கப்படுமா ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவாதத்தையும் ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் அது தகடு உள்ளிருந்து வெளியே ஓட்டையாகும் நிலைக்கு மட்டுமே பொருந்துமே தவிர, மேலாகப் படியும் துருவுக்குப் பொருந்தாது.

கேள்வி: என் காரின் அடியில் தண்ணீர் நேராகப் படும் பகுதிகள் நன்றாகவே இருக்கின்றன. மட்கார்டின் உள்ளே சேறு அப்பியிருந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தபோது தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. காற்றே படாத இடத்தில் துரு எப்படி வந்தது?

பதில்: கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். காற்று குறைவாகப் படுவதுதான் அங்கே துருவுக்கு வழிசெய்கிறது.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. இரும்பின் ஓர் இடத்தில் அணுக்கள் மின்னணுக்களை இழந்து அயனிகளாகி நீரில் கரைகின்றன; அந்த மின்னணுக்கள் உலோகத்தின் வழியே மற்றோர் இடத்துக்குச் சென்று, அங்கே நீரும் ஆக்சிஜனும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள ஈரம் சுற்றை முழுமையாக்குகிறது. அந்த ஈரத்தில் உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் அரிப்பின் வேகம் கூடுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு. ஆர். எவன்ஸ் என்ற உலோகவியலாளர், மெருகேற்றிய இரும்பின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்து இதைக் காட்டினார். துளியின் விளிம்பு மெல்லியதாக இருப்பதால் அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் இறங்குகிறது. நடுப்பகுதியில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. இரும்பு கரைவது ஆக்சிஜன் மிகுந்த விளிம்பில் அன்று, ஆக்சிஜன் வற்றிய நடுவில். கரைந்த இரும்பு வெளிநோக்கிப் பரவி, இரண்டுக்கும் இடையே வளையமாகத் துருவாகப் படிகிறது.

உங்கள் மட்கார்டில் நடந்ததும் இதுவே. சேற்றுக்கு வெளியே இருக்கும் தகடு ஆக்சிஜனைப் பெறும் பகுதியாகவும், சேற்றுக்கு அடியில் இருக்கும் தகடு கரையும் பகுதியாகவும் பிரிந்துகொள்கின்றன. மழை நின்று வண்டியின் மற்ற பாகங்கள் உலர்ந்து பல நாட்கள் ஆன பின்னும் சேறு ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருப்பதால், அரிப்புக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் இடுக்கு, போல்ட்டின் தலைக்கு அடிப்புறம், விளிம்பு விட்டுப்போன பழைய பூச்சுக்கு உட்புறம் ஆகிய இடங்களிலும் நிகழ்வது இதே வேதியியல்தான். நீர் ஓடி வடிந்துவிடும் இடத்தைக் காட்டிலும், நீர் உள்ளே போய் வெளியேற வழியில்லாத இடத்தையே நாம் அஞ்ச வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி: தார் போன்ற கறுப்புப் பூச்சு, ரப்பர் பூச்சு, மெழுகு, கம்பளிக்கொழுப்பு, எண்ணெய் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: கெட்டியாகக் காய்ந்து இறுகிப்போகும் பூச்சுகள், காயாமல் மென்மையாகவே இருக்கும் பூச்சுகள் என்று இவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

தாரும் ரப்பரும் கலந்த பூச்சு முதல் வகை. கல் தெறிப்பதைத் தாங்கும், சாலை இரைச்சலைச் சற்றுக் குறைக்கும், பார்ப்பதற்கும் கறுகறுவென்று நேர்த்தியாக இருக்கும். சுத்தமான, உலர்ந்த, துருவற்ற தகட்டின்மேல் அடித்தால் நல்ல பலன் தருவதே. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல இது நெகிழ்வை இழந்து விரிசல் விடுகிறது. விரிசல் வழியே நுழையும் நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே பரவித் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூச்சு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும். அடியில் அழகாகக் கறுப்படித்திருந்த வண்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அது நேராக உள்ளே போய்விடுவதன் காரணம் இதுவே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், அடிப்பாகத்தில் மட்டும் புத்தம்புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் மகிழ்ச்சி அடைவதற்குப் பதிலாகச் சந்தேகம் கொள்ள வேண்டும்.

மெழுகு, கம்பளிக்கொழுப்பு, துருத்தடுப்பு எண்ணெய் ஆகியவை இரண்டாவது வகை. கம்பளிக்கொழுப்பு என்பது செம்மறியாட்டின் உரோமத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் லானோலின். இவை முழுமையாக இறுகுவதில்லை என்பதால் விரிசல் விடுவதில்லை. சிறிய கீறல் விழுந்தாலும் ஓரளவு தாமே நகர்ந்து மூடிக்கொள்கின்றன. எண்ணெய் வகைகள் மிக மெல்லியவை. தகடுகளுக்கு இடையிலான இடுக்குகளுக்குள் ஊடுருவும் ஆற்றல் அவற்றுக்கே அதிகம், அதே காரணத்தால் மழையிலும் சேற்றிலும் விரைவாகக் கழுவப்பட்டுப் போவனவும் அவையே. ஆண்டுக்கொரு முறை மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். மெழுகும் லானோலினும் அதைவிட நீண்ட நாள் தங்கும், ஆனாலும் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதிகளில் தேய்ந்துபோகும்.

பாகத்துக்கு ஏற்பப் பூச்சை மாற்றுவதே நான் பரிந்துரைக்கும் முறை. கல் நேராகத் தாக்கும் மட்கார்டின் உட்புறத்துக்குக் கெட்டியான பூச்சும், சேஸிஸ், அச்சு, துணைச்சட்டம் ஆகியவற்றுக்கு மெழுகோ லானோலினோவும், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிக்குழல்களின் உள்ளே அதற்கென்றே வரும் மெல்லிய உட்குழிவு மெழுகும் ஏற்றவை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குழல்கள் துருப்பிடிப்பது உள்ளிருந்துதான். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். நீண்ட குழாயின் நுனியில் எல்லாத் திசைகளிலும் தூவும் முனையைப் பொருத்தி, ஏற்கெனவே உள்ள துளைகள் வழியாக உள்ளே விட்டு, மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே அடிப்பார்கள். ஒரு பணிமனை இந்த வேலையைச் செய்யாமல் கண்ணுக்குத் தெரியும் தகட்டுக்கு மட்டும் பூச்சு அடிக்கிறதென்றால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஒரே ஓர் எச்சரிக்கை: பெட்ரோலிய எண்ணெய் படிந்தால் இயற்கை ரப்பரும் வேறு சில ரப்பர் வகைகளும் ஊதிப் பருத்து வலுவிழக்கின்றன. சஸ்பென்ஷன் புஷ்களுக்கு அருகில் எண்ணெய் வகைப் பூச்சு அடிக்கும்போது, அது ரப்பரைப் பாதிக்காது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: நான் வாங்கிய பூச்சின் டப்பாவில் ‘1000 மணி நேர உப்புத்தெளிப்புச் சோதனையில் தேறியது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை எத்தனை ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்வது?

பதில்: எத்தனை ஆண்டுகள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பு 1939இல் முதன்முதலாக வெளியிட்ட பி117 என்ற நெறிப்படி, மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் மூடுபனியாகத் தெளிப்பார்கள். இரண்டு பூச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும், ஒரே பூச்சின் தரம் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறதா என்று கண்காணிக்கவும் இது பயன்படும். சாலையில் ஓடும் வண்டியோ நனைகிறது, காய்கிறது, வெயிலில் வேகிறது, கல்லடி படுகிறது. இவை எதுவும் அந்தப் பெட்டிக்குள் நிகழ்வதில்லை. போதாக்குறைக்குச் சோதனைத் தகடு பளபளப்பாகச் சுத்தம் செய்யப்பட்டது. உங்கள் வண்டியின் அடிப்பாகம் அப்படி இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடியில் பூசினால் துருவே பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. செய்யலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய்ப் படலம் நீரைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் வடித்த ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் விளைந்த அமிலங்களும் ஈரமும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. அது ரப்பரைக் கெடுக்கும், சாலைத் தூசியை ஈர்த்துப் பசையாக்கும், முதல் மழையிலேயே வழிந்து மண்ணில் கலக்கும். அடிக்கடி தோலில் படுவோருக்குத் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு. சைலன்சரில் சொட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். டீசல் அடிக்கும் பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பத்தாண்டுப் பழைய வண்டி. அடியில் ஆங்காங்கே துரு தெரிகிறது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிக்கும் ‘கன்வர்ட்டர்’ கிடைக்கிறதே, அதை அடித்துப் பூச்சும் பூசிவிட்டால் போதுமா?

பதில்: துருவின் நிலையைப் பொறுத்தது. துருவுக்கு அது பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் தேவைப்படுகிறது. அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது, தகடுகளின் விளிம்புகள் பிளந்து உப்புகின்றன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் தகடு முழுவதும் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. சிறிதாகத் தெரிவதால் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. முதலில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும், சில வேளை உள்ளே துருச்செதில் உதிரும் ஓசையும் கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். இந்தச் சோதனையில் தகடு ஓட்டையாகிறதே என்று வருந்தாதீர்கள். முன்பே போய்விட்ட இடம்தான் ஓட்டையாகும்.

மேற்பரப்பில் மட்டும் செம்மை படிந்திருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதையெல்லாம் உதிர்த்து, எண்ணெய்ப்பசை நீக்கி, அதன்பின் கன்வர்ட்டரை அடிக்கலாம். இவற்றில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவோடு வினைபுரிந்து கருநீல நிற இரும்பு டானேட்டாகவும், பின்னது இரும்பு பாஸ்பேட்டாகவும் மாற்றுகிறது. இரண்டும் துருவைவிட நிலையான படலங்கள். ஆனால் கன்வர்ட்டர் தான் தொடும் ஆழத்துக்குத்தான் வேலை செய்யும். செதில் செதிலாக அடுக்குவைத்துத் தடித்த துருவின்மேல் அடித்தால் மேலடுக்கு மட்டும் கறுத்து, கீழடுக்குகள் இரும்பைத் தொடர்ந்து தின்றுகொண்டிருக்கும். இதன்மேல் தார்ப் பூச்சும் அடித்துவிட்டால், தின்பது வெளியே தெரியாமலும் போய்விடும். சுரண்டாமல் அடிக்கலாம் என்ற விளம்பரத்தை நான் ஏற்பதில்லை. முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாத மூலைகளில், கெட்டிப்படாத லானோலினோ எண்ணெயோதான் தகுந்தது; அது துருவின் நுண்துளைகளுக்குள் இறங்கி ஈரத்தை வெளியேற்றி, அரிப்பின் வேகத்தைத் தணிக்கும்.

தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டால் பூச்சைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அதிலும் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டிருக்கும் இடம், சீட் பெல்ட் ஊன்றியிருக்கும் இடம், கதவடிப் பெட்டிக்குழல், சேஸிஸ் ஆகியவை வண்டியின் எலும்புகள். அங்கே பட்டி பூசி, பைபர் ஒட்டி, மேலே கறுப்படித்து மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும். கெட்ட தகட்டை நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அடியிலோ குழல்களுக்குள்ளோ மெழுகு அடிக்கப்பட்டிருந்தால் அதை டிங்கரிங் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது தீப்பற்றக்கூடியது. வெல்டிங் முடிந்த இடத்தில் பழைய பாதுகாப்பு எல்லாம் எரிந்துபோயிருக்கும் என்பதால், குழலின் உட்புறத்தில் மறுபடியும் மெழுகு அடித்த பின்னரே வண்டியை வாங்குங்கள்.

பிரேக் குழாய்களைத் தனியே பார்க்க வேண்டும். மேலாகத் தூசித் துரு இருந்தால் துடைத்து மெழுகு பூசலாம். செதில் விட்டு உப்பியிருந்தால் அதைச் சுரண்டிக்கூடப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலான மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குத் துருப் பயம் இல்லை.

கேள்வி: பேட்டரியில் இணைத்துவிட்டால் வண்டி முழுவதும் துருப்பிடிக்காது என்று ஒரு மின்னணுக் கருவியை விற்கிறார்கள். அறிவியல் அடிப்படை உண்டா?

பதில்: அடிப்படை உண்டு, உங்கள் வண்டிக்குத்தான் அது பொருந்தாது. 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, அதனோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்து வெற்றி கண்டார். அந்த வழிவந்த எதிர்முனைப் பாதுகாப்பு முறை இன்றும் கப்பல்களையும் மண்ணில் புதைத்த எண்ணெய்க் குழாய்களையும் காத்துவருகிறது. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. காக்கப்படும் உலோகமும் மின்னோட்டத்தை அனுப்பும் முனையும் ஒரே தொடர்ச்சியான நீரிலோ ஈரமண்ணிலோ அமிழ்ந்திருக்க வேண்டும். காற்றில் நிற்கும் காரில் அங்கொரு துளியும் இங்கொரு திட்டுமாகத்தான் ஈரம் இருக்கிறது. ஒரு மூலையில் பொருத்திய முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் காற்றைக் கடந்து மறுமூலைக்குப் போய்ச் சேர வழியில்லை. அந்தப் பணத்துக்கு உட்குழிவு மெழுகு அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலோர மணலில் ஓட்டியதில் கடல்நீர் வண்டியின் அடியில் அடித்துவிட்டது. வீடு திரும்பியதும் மூடிய கொட்டகைக்குள் நிறுத்திவிட்டேன். போதுமா?

பதில்: உடனே வெளியே எடுத்துக் கழுவுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் கேடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். பனிச்சாலைகளில் தூவப்படும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் இன்னும் மோசம். அவற்றுக்கு ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதமே போதும். காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் ஈரம் வெளியேறாது. அது வெதுவெதுப்பாகவும் இருந்துவிட்டால் வேதிவினை இன்னும் வேகமாக நடக்கும். கழுவாத வண்டி வெளியே காற்றில் நிற்பதே இதைவிட மேல்.

கழுவும்போது அழுத்தத்தைவிட நீரின் அளவே முக்கியம். தோட்டத்துக் குழாயில் சாதாரண நீரை விட்டு, மட்கார்டின் உள்மடிப்பு, சேஸிஸின் மேற்புறம், பெட்டிக்குழல்களின் துளைகள் ஆகிய எல்லா இடங்களிலும், வழியும் நீர் தெளிவாக வரும்வரை நிதானமாகக் கழுவுங்கள். வேகமாக அடிக்கும் வாட்டர் வாஷ் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், முனையைக் குறைந்தது 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பேரிங் சீல்கள், மின் இணைப்புகள், அச்சின் ரப்பர் உறைகள் ஆகியவற்றின்மேல் நேராக அடிக்கக் கூடாது. கழுவி முடித்ததும் சிறிது தூரம் ஓட்டி, நடுநடுவே பிரேக்கை மெதுவாகப் பிடித்து, டிஸ்க்கையும் அடிப்பாகத்தையும் காயவிடுங்கள். கடல்நீர் தரைவிரிப்புக்குள்ளும் இறங்கியிருந்தால் விரிப்பையும் அடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தரைத்தகடு மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்கும், அடியில் எத்தனை பூச்சு அடித்தாலும் பயனில்லை.

கேள்வி: காருக்கே எல்லாம் சொல்கிறீர்களே, இருசக்கர வண்டிக்கு?

பதில்: அடிப்படை ஒன்றுதான். சேறு தங்கும் இடங்களான பின்சக்கர மட்கார்டின் உட்புறம், சைடு ஸ்டாண்டு பொருத்தியிருக்கும் இடம், ஸ்விங் ஆர்ம், பேட்டரிப் பெட்டியின் அடிப்புறம் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து மெழுகோ லானோலினோ தடவுங்கள். குழல் சட்டங்களில் இருக்கும் சிறு துளைகளை யாரோ தெரியாமல் விட்டுவிட்டதாக எண்ணி அடைத்துவிடாதீர்கள். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிப்பது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. அவ்வப்போது எஞ்சின் நன்கு சூடேறும் அளவுக்கு ஓட்டினால் போதும். டிஸ்க், பிரேக் கட்டை, டயர் இவற்றின் பக்கம் எந்தப் பூச்சும் போகக் கூடாது. காரில் பூச்சு அங்கே பட்டால் பிரேக் மந்தமாகும். இருசக்கர வண்டியில் பட்டால் ஆளையே கவிழ்த்துவிடும்.

கேள்வி: இந்த வேலையை வீட்டிலேயே நானே செய்துகொள்ள விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது, எவற்றில் கவனம் தேவை?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பெரும்பகுதி நேரம் கழுவுவதிலும் காயவைப்பதிலும்தான் போகும். பூச்சு அடிப்பது கடைசி ஒரு மணி நேர வேலை. கழுவிய அன்றே அடிக்காதீர்கள். இடுக்குகளில் நிற்கும் நீர் காய, நல்ல வெயிலிலும் ஒன்றிரண்டு நாட்கள் பிடிக்கும்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடங்களில் எடை தாங்கும் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே உள்ளே செல்லுங்கள். துருச்செதில் கண்ணில் விழாதிருக்கக் கண்ணாடியும், ஆவியைச் சுவாசிக்காதிருக்கத் தகுந்த முகமூடியும் தேவை. எஞ்சினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

பூச்சு படக்கூடாத இடங்களைத் தாளும் டேப்பும் கொண்டு முன்கூட்டியே மூடிவிடுங்கள். பிரேக்கின் எல்லா உறுப்புகளும், சைலன்சரும் அதன் வெப்பக் கவசங்களும், ஆக்சிஜன் சென்சாரும், மின் இணைப்புகளும், ரப்பர் உறைகளும், ரேடியேட்டரும் இவற்றில் அடங்கும். சுழலும் அச்சுத்தண்டில் தடித்த பூச்சு சீரற்றுப் படிந்தால் அதன் எடைச்சமநிலை கெட்டு வண்டி அதிரும். மின்சாரக் காராக இருந்தால், அடியிலுள்ள பேட்டரிப் பெட்டியின்மேல் தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் அடிக்காதீர்கள். வெப்பத்தை வெளியேற்றுவதற்கும் காற்றழுத்தத்தைச் சமன்செய்வதற்கும் அதில் அமைந்திருக்கும் வழிகள் அடைபடலாம்.

வடிகால் துளைகளைப் பூச்சு அடிப்பதற்கு முன் எண்ணி, அவை இருக்கும் இடங்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கதவுகளின் அடிவிளிம்பிலும், பெட்டிக்குழல்களின் கீழ்ப்புறத்திலும், டிக்கியின் ஓரங்களிலும் அவை இருக்கும். பூச்சு அடித்து முடித்த மறுநாள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் பிளாஸ்டிக் கட்டுவார் ஒன்றை நுழைத்து, அடைபட்டிருப்பதைத் திறந்துவிடுங்கள். பின்னர் மழைக்காலமோ பனிக்காலமோ முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை டார்ச் விளக்கோடு அடியில் பார்த்து, சக்கரங்களுக்குப் பின்புறம் தேய்ந்துபோன இடங்களில் மட்டும் மெழுகைப் புதுப்பித்தால் போதுமானது. முழு வண்டிக்கும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.